ஆள் கிடைப்பது சுலபம்... வந்து சேர வைப்பதுதான் சவால்!

சின்ன வேலைவாய்ப்பு கன்சல்டன்சிகள் சந்திக்கும் புதிய சோதனைகள்

திங்கட்கிழமை காலை 9.45 மணி. கன்சல்டன்சி அலுவலகத்தில் போன் அடிக்கிறது. எதிர்முனையில் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர் மேனேஜர். ‘‘இன்னிக்கு ஜாயின் பண்றேன்னு சொன்ன உங்க கேண்டிடேட் இன்னும் வரலையே சார்?’’

அவசரமாக அந்த இளைஞரின் எண்ணுக்கு அழைத்தால், ஸ்விட்ச்டு ஆஃப். வாட்ஸ்அப் மெசேஜுக்கு ஒற்றை டிக். வெள்ளிக்கிழமை மாலைகூட ‘கண்டிப்பா வந்துடறேன் சார்’ என்று சொன்னவர்தான். மதியம் லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்தால், வேறொரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதாக அவர் போட்ட பதிவும், அதன் கீழே வாழ்த்துகளும் வரிசைகட்டி நிற்கின்றன.

வேலைவாய்ப்பு கன்சல்டன்சி நடத்தும் யாரைக் கேட்டாலும், இந்தத் திங்கட்கிழமைக் காட்சியைத் தங்கள் சொந்த அனுபவமாகவே சொல்வார்கள். இரண்டு, மூன்று மாத உழைப்பு அந்த ஒரே காலைப்பொழுதில் வீணாகிவிடும். ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது.

சென்னை, கோவை, ஓசூர், திருப்பூர் என்று தொழில் நடக்கும் ஊர்களிலெல்லாம் மாடிப்படி ஏறிப் போனால் இப்படியொரு அலுவலகம் இருக்கும். நான்கு மேஜைகள், இரண்டு கம்ப்யூட்டர், ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் நான்கைந்து பேர். படித்து முடித்த பிள்ளையின் பயோடேட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ பெற்றோர் ஏறி இறங்கிய படிகள் அவை. அந்த அலுவலகங்கள்தான் இன்று தங்கள் இருப்புக்கே வேலை தேட வேண்டிய நிலையில் இருக்கின்றன.

பீரோவில் இருந்த செல்வம்

1990-களில் வேலை தேடியவர்களுக்கு நினைவிருக்கும். புதன்கிழமை என்றால் ‘தி ஹிந்து’வின் ‘ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ இணைப்பு. விளம்பரத்தைக் கத்தரித்து, பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்து, கவரில் போட்டு போஸ்ட் பாக்ஸ் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். பதில் வருமா, வராதா என்பது தபால்காரருக்கே வெளிச்சம். இன்னொரு பக்கம், அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதிவை மறக்காமல் புதுப்பித்துவர வேண்டும்.

அந்தக் காலத்தில் கன்சல்டன்சியின் சொத்தே அதன் இரும்பு பீரோதான். ‘மெக்கானிக்கல் - 5 வருடம்’, ‘அக்கவுன்ட்ஸ் - டேலி தெரிந்தவர்’ என்று ஃபைல் ஃபைலாகப் பயோடேட்டாக்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது கம்பெனிகளுக்குத் தெரியாது, கன்சல்டன்சிக்குத் தெரியும். அந்தத் தகவலுக்குத்தான் விலை.

சென்னையில் 1992-ல் தொடங்கப்பட்ட ‘மாஃபா’ நிறுவனம் இந்தத் தொழிலில் எவ்வளவு உயரம் போகலாம் என்பதைக் காட்டியது. அதன் நிறுவனர் பாண்டியராஜன் பின்னாளில் அரசியலுக்கு வந்து தமிழக அமைச்சரானபோதும், ‘மாஃபா’ பாண்டியராஜன் என்றே அழைக்கப்பட்டார். நிறுவனமோ பன்னாட்டுக் குழுமமான ராண்ட்ஸ்டாடோடு கலந்துவிட்டது. ‘மா ஃபா’ என்ற பிரெஞ்சுச் சொற்களில் நம்பிக்கை என்ற பொருள் அடங்கியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது!

பீரோவின் சாவி எல்லோர் கைக்கும் போனது

1997-ல் ‘நௌக்ரி’ இணையதளம் வந்தது. ஆரம்பத்தில் கன்சல்டன்சிகளுக்கு அது வரமாகத்தான் இருந்தது. பீரோவில் ஆயிரம் பயோடேட்டா வைத்திருந்தவர்கள், சந்தா கட்டினால் லட்சக்கணக்கான பயோடேட்டாக்களைப் பார்க்க முடிந்தது. ஆனால், அதே சந்தாவைக் கம்பெனிகளும் கட்டலாம் அல்லவா? மெள்ள மெள்ளக் கட்டத் தொடங்கின.

2003-ல் தொடங்கிய லிங்க்ட்இன், வேலை தேடாதவர்களையும் கண்ணில் காட்டியது. டிரைவர், டெலிவரி ஊழியர், டெலிகாலர் போன்ற வேலைகளுக்கு 2019-ல் ‘அப்னா’ செயலி வந்தது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை தளம், தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையம், மாவட்டந்தோறும் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்கள் என இலவச வழிகளும் பெருகிவிட்டன.

பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே ஆள் எடுப்பதற்கென்று தனி அணியை வைத்துக்கொண்டன. போதாக்குறைக்கு, ‘உங்கள் நண்பரைச் சேர்த்துவிடுங்கள், போனஸ் தருகிறோம்’ என்று சொந்த ஊழியர்களையே ஏஜென்ட்டுகளாக மாற்றிவிட்டன. அவர்களிடம் ஆள் கிடைக்காதபோதுதான் கன்சல்டன்சிக்குப் போன் வருகிறது. அதாவது, சுலபமான வேலைகளெல்லாம் போய், யாராலும் நிரப்ப முடியாத இடங்கள்தான் இவர்களிடம் வந்து சேர்கின்றன.

ஒரு மாதச் சம்பளம்... அதுவும் எப்போது?

இந்தத் தொழிலில் ‘8.33’ என்ற எண் மிகப் பிரபலம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவிகிதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கன்சல்டன்சிக்குக் கட்டணம். பதவியின் உயரத்தைப் பொறுத்து இது கூடும். பேரத்தில் குறையவும் செய்யும்.

உதாரணமாக, ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் கட்டணம் சுமார் 50,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அந்தப் பணம் வரும் பாதையைப் பார்க்க வேண்டும்.

அதே காலியிடத்தை கம்பெனி நான்கைந்து கன்சல்டன்சிகளிடம் ஒரே நேரத்தில் கொடுத்திருக்கும். யாருடைய ஆள் சேர்கிறாரோ அவருக்கு மட்டும்தான் கட்டணம். மற்றவர்கள் செய்த போன் கால், ஏற்பாடு செய்த இன்டர்வியூ, கொடுத்த ஊழியர் சம்பளம் எல்லாம் அவரவர் கணக்கில்.

ஆள் சேர்ந்துவிட்டாலும் முடியவில்லை. ‘90 நாள்களுக்குள் அவர் விலகினால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும்’ என்ற நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். 80-வது நாளில் அவர் பேப்பர் போட்டால், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடுத்து, பில். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்; இந்தச் சேவைக்கு வரி 18 சதவிகிதம். 50,000 ரூபாய் பில்லுக்கு 9,000 ரூபாய் வரி. கம்பெனி பணம் தருகிறதோ இல்லையோ, பில் போட்டால் அடுத்த மாதமே வரியைக் கட்டியாக வேண்டும். கம்பெனிப் பணம் 60 நாள்கள், 90 நாள்கள் கழித்து டி.டி.எஸ் பிடித்தம் போக வந்துசேரும். வராத பணத்துக்கு வரியைக் கையிலிருந்து கட்டிவிட்டு, மாதச் சம்பளத்துக்கு நகையை அடகு வைக்கும் நிலைமைக்குப் போகிறவர்கள் உண்டு.

இதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரி விதியும் சேர்ந்துகொண்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்துக்குள் பணம் தராவிட்டால், அதைத் தந்த ஆண்டில்தான் செலவாகக் கணக்குக் காட்ட முடியும். இதற்கெல்லாம் உத்யம் பதிவு இருக்க வேண்டும். புகார் செய்ய அரசின் இணையதள வசதியும் இருக்கிறது. ஆனால், ‘புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா?’ என்ற ஒரு கேள்விதான் பலரின் கையைக் கட்டிப்போடுகிறது.

மூன்று மாத நோட்டீஸ்... நான்கு ஆஃபர்

ஐ.டி நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள்கள். இன்றைக்கு வேலை உறுதியானவர் மூன்று மாதம் கழித்துத்தான் புதிய இடத்தில் சேர முடியும். அந்த மூன்று மாதத்தில் என்னவெல்லாமோ நடக்கும். கையில் இருக்கும் ஆஃபர் லெட்டரைக் காட்டி இன்னொரு கம்பெனியில் கூடுதல் சம்பளம் கேட்பார். அதைக் காட்டி மூன்றாவது கம்பெனி. கடைசியில் பழைய கம்பெனியே சம்பளத்தை ஏற்றி, ‘போகாதே’ என்று பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்த இளைஞர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆஃபர் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போன கம்பெனிகளையும், ஒரே மெயிலில் நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிய கம்பெனிகளையும் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. ‘அவங்க நமக்கு விசுவாசமா இல்லாதப்ப, நாம மட்டும் ஏன்?’ என்று கேட்கிறது. வீட்டுக்கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று கணக்குப் போடும் குடும்பத்தில், மாதம் 5,000 ரூபாய் கூடுதல் என்றால் யாருக்கும் மனம் மாறத்தான் செய்யும். இந்த இரு தரப்புக்கும் இடையில் மத்தளம்போல அடி வாங்குவது கன்சல்டன்சிதான்.

கொரோனா காலம் இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு, கும்பகோணத்தில் இருப்பவர் பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கலாம். கோவை கன்சல்டன்சியின் போட்டியாளர் குருகிராமில் இருக்கலாம். இன்டர்வியூவும் வீடியோவுக்கு மாறியது. கூடவே, தனக்குப் பதிலாக வேறொருவரைப் பேசவைக்கும் ஏமாற்று வேலையும் வந்தது. போலி அனுபவச் சான்றிதழைக் கண்டுபிடிக்க பி.எஃப் பாஸ்புக்கைப் பார்ப்பது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. எந்தக் கம்பெனி எத்தனை மாதம் பணம் கட்டியது என்பது அதில் வரிசையாக இருக்குமே!

ஏ.ஐ பார்க்கும்... எதைப் பார்க்கும்?

இப்போது ஏ.ஐ. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ரெஸ்யூமே எழுதுவது இரண்டு நிமிட வேலை. விளம்பரத்தில் இருக்கும் வார்த்தைகளை அப்படியே பொருத்தி எல்லோருடைய ரெஸ்யூமேவும் பளபளவென்று வருகிறது. மறுபக்கம், அந்த ரெஸ்யூமேக்களை வடிகட்டுவதும் மென்பொருள்தான். மெஷின் எழுதியதை மெஷின் படிக்கிறது.

மெஷினுக்குப் பாரபட்சம் கிடையாது என்றும் சொல்ல முடியாது. அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிவந்த ஒரு தேர்வு மென்பொருள், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த ரெஸ்யூமேக்களைப் பார்த்துப் பாடம் கற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, பெண்களைக் குறிக்கும் சொல் இருந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. அமேசான் அந்த முயற்சியைக் கைவிட்ட செய்தி 2018-ல் வெளியானது. குழந்தைக்காக மூன்று ஆண்டு இடைவெளி எடுத்துக்கொண்ட பெண்ணின் ரெஸ்யூமேவில் மெஷினுக்குத் தெரிவது ஒரு காலி இடம். எதிரில் உட்கார்ந்து பேசும் மனிதருக்குத் தெரிவது வேறு.

ஆனாலும், நூறு ரெஸ்யூமேவிலிருந்து பத்தைப் பொறுக்கும் வேலைக்கு இனி யாரும் காசு தரப்போவதில்லை என்பதுதான் நிஜம். ‘நாங்க ரெஸ்யூமே அனுப்புவோம்’ என்பதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் கன்சல்டன்சிகளுக்குக் காலம் கடினமானது.

கெட்ட பெயர் யாரால்?

இந்தத் தொழிலின் ஆழமான காயம் போட்டியால் வந்தது அல்ல, மோசடியால் வந்தது. உள்நாட்டு வேலைக்கு ஆள் தேடித் தரும் தொழிலுக்கு நாடு முழுமைக்குமான தனி லைசென்ஸ் முறை இல்லை. ஒரு செல்போன் எண்ணும் ஒரு லெட்டர்பேடும் போதும். ‘ஏர்போர்ட்டில் வேலை’, ‘வீட்டிலிருந்தே மாதம் 40,000’ என்று விளம்பரம் செய்து, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், யூனிஃபார்ம் டெபாசிட் என்று பிடுங்கிக்கொண்டு மறைபவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்தவர் திட்டுவது அந்த மோசடிப் பேர்வழியை மட்டுமல்ல, ‘கன்சல்டன்சின்னாலே இப்படித்தான்’ என்று எல்லோரையும்தான்.

வெளிநாட்டு வேலை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள், மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022-ல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

இத்தனைக்கும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தெளிவான சட்டம் இருக்கிறது. குடிபெயர்வுச் சட்டம் 1983-ன்படி, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுகள் மட்டுமே இந்தத் தொழிலைச் செய்யலாம். வேலை தேடுபவரிடம் அவர்கள் வாங்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயையும் அதற்கான ஜிஎஸ்டியையும் தாண்டக் கூடாது. பதிவுபெற்றவர்களின் பட்டியலை ‘இ-மைக்ரேட்’ அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ரெஸ்யூமேவும் ஒரு சொத்துதான். பெயர், முகவரி, போன் எண், சம்பளம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒருவரைக் கேட்காமலே அவர் ரெஸ்யூமேவைப் பத்து இடங்களுக்கு அனுப்புவது இத்தனை நாள் சாதாரணமாக நடந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மீறினால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சம்மதம் கேட்டு, பதிந்து, பாதுகாத்து வைப்பது நான்கு பேர் அலுவலகத்துக்குக் கூடுதல் சுமைதான். ஆனால், ஒழுங்காகச் செய்பவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டவும் அதுவே உதவும்.

தாக்குப்பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

இத்தனைக்குப் பிறகும் இந்தத் தொழிலில் நிற்பவர்களிடம் சில பொதுவான பழக்கங்களைப் பார்க்க முடிகிறது.

முதலாவது, எல்லா வேலைக்கும் ஆள் தேடுவதை விட்டுவிட்டு ஒரு துறையைப் பிடித்துக்கொள்வது. கோவையில் பம்ப் டிசைன் தெரிந்தவர், திருப்பூரில் வெளிநாட்டு பையர்களோடு பேசத் தெரிந்த மெர்ச்சண்டைசர், ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் நுணுக்கம் அறிந்த டெக்னீஷியன், ஓசூரில் டூல் ரூம் ஃபோர்மேன்... இவர்களில் பலர் லிங்க்ட்இன் பக்கமே வர மாட்டார்கள். வந்தாலும் தன்னைப் பற்றி நாலு வரி எழுத மாட்டார்கள். ‘அந்த மெஷினைப் பிரிச்சு மாட்டணும்னா அவரைத்தான் கூப்பிடணும்’ என்ற தகவல் அந்த வட்டாரத்தில் வாய்வழியாகத்தான் கிடைக்கும். அந்தத் தகவல் எந்தச் செயலியிலும் இல்லாத பீரோ.

இரண்டாவது, வேலையைவிட ஆளைப் பற்றி அதிகம் விசாரிப்பது. தாம்பரத்தில் இருப்பவர் ஒரகடத்துக்குப் போக கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும்? நைட் ஷிஃப்ட் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? மனைவிக்கு வேறு ஊரில் வேலையா? குழந்தையின் பள்ளி ஆண்டு முடிய எத்தனை மாதம்? அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போவதற்கான காரணம், பெரும்பாலும் இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில்தான் ஒளிந்திருக்கிறது. முதல் நாளே கேட்டுவிட்டால், கம்பெனியிடம் முன்கூட்டியே பேசிச் சேரும் தேதியையோ, ஷிஃப்ட்டையோ மாற்ற முடியும். ‘இவர் வர மாட்டார்’ என்று கம்பெனியிடம் நேர்மையாகச் சொல்லவும் முடியும்.

மூன்றாவது, ஆஃபர் லெட்டரோடு தொடர்பை முடித்துக்கொள்ளாமல் இருப்பது. நோட்டீஸ் காலத்தில் வாரம் ஒரு போன், சேர்ந்த பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து ஒரு போன். ‘சாப்பாடு, பஸ்ஸெல்லாம் சரியா இருக்கா தம்பி?’ என்ற ஒரு கேள்வி, 90 நாள் கண்டத்தைத் தாண்ட வைத்துவிடும். அப்படிக் கேட்கப்பட்டவர், ஐந்து ஆண்டுகள் கழித்து மேனேஜரானதும் ஆள் தேவையென்றால் முதலில் அழைப்பது அந்த எண்ணைத்தான்.

நான்காவது, கணக்கில் கண்டிப்பு. உத்யம் பதிவு, எழுத்துபூர்வ ஒப்பந்தம், பணம் தரவேண்டிய தேதி ஆகியவை இல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை. ஒரே பெரிய கம்பெனியை நம்பியிருப்பதும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை மறுபடியும்...

அந்தத் திங்கட்கிழமைக்கே மறுபடியும் வருவோம். வராமல் போனவரின் எண்ணை பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அல்லது, கம்பெனிக்கு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாயங்காலம் அந்த இளைஞருக்கு ஒரு மெசேஜ் அனுப்பலாம்: ‘புது வேலைக்கு வாழ்த்துகள். அடுத்த முறை முன்னாடியே சொல்லிடுங்க தம்பி.’

பலர் பதில் போட மாட்டார்கள். ஒரு சிலர் போடுவார்கள். அந்த ஒரு சிலர்தான் நாளைக்குத் தங்கை, நண்பர், சீனியர் என்று ஒவ்வொருவராக அனுப்பிவைப்பார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை மெஷின் சொல்லிவிடும். சொன்ன சொல்லுக்கு அவர் வந்து நிற்பாரா என்பதை அறிந்து சொல்லும் மனிதருக்கு, இன்னும் இந்தச் சந்தையில் இடம் இருக்கிறது.

வேலை தேடுபவர்கள் கவனத்துக்கு!

* உள்நாட்டு வேலைக்கு, கட்டணம் பொதுவாகக் கம்பெனிதான் தரும். பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று முன்பணம் கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

* ஆஃபர் லெட்டர் கம்பெனியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வந்திருக்கிறதா எனப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கம்பெனியை நேரடியாகத் தொடர்புகொண்டு கேளுங்கள்.

* ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சிகள் மூலம் ரெஸ்யூமே அனுப்பாதீர்கள். கட்டணம் யாருக்கு என்ற குழப்பத்தில் உங்கள் வாய்ப்பு பறிபோகலாம்.

* உங்கள் ரெஸ்யூமே எந்தெந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபாருங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

* ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

* வேலையில் சேர விருப்பமில்லை என்றால், ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். இன்றைக்கு நீங்கள் மூடும் கதவை நாளைக்கு நீங்களே தட்ட வேண்டியிருக்கலாம்!